ஆடையில் எழுதும் உருவகம்

ஆடை உடலை மறைப்பதற்கும் காப்பதற்கும் தோன்றியது என்பர். ஆயினும், உடலை மறைக்கும் அவ்வாடையே உள்ளத்தை வெளிப்படுத்தும் கருவியாகவும் அமைதல் பண்டுதொட்டு அறியப்பட்டதாகும். துறவியின் காவியும், கைம்மையின் வெள்ளையும், மணமகளின் கூறையும் வாய் திறவாமலே பேசுவன. இக்காலத்திலே அப்பேச்சை மிக உரத்த குரலிற் பேசும் ஆடை, ‘ரீசேட்’ என வழங்கும் கழுத்துப்பட்டையற்ற பின்னற்சட்டையேயாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படையினர் சீருடையின் கீழே உள்ளாடையாக அணிந்த இச்சட்டை, அந்நூற்றாண்டு முடிவதற்குள் உலகமெங்கும் மேலாடையாயிற்று. மேலாடையான பின்னர், நெஞ்சிலே எழுத்தும் ஓவியமும் தாங்கும் பலகையுமாயிற்று. நிலத்தையும் நீரையும் காற்றையும் காக்கவேண்டுமென்னும் கொள்கையினர் தம் கருத்தைப் பரப்புதற்கு இப்பலகையைப் பெரிதும் நாடுகின்றனர். அவர்கள் எழுதும் ஓவியங்களிற் பெரும்பாலானவை உருவகங்களே. அவ்வுருவகங்கள் உருவக இலக்கணத்திற்கு இயைந்தனவா, அணிபவன் வாழும் நிலத்திற்கு இயைந்தனவா, ஏந்திநிற்கும் ஆடைக்கு இயைந்தனவா என்னும் மூன்று வினாக்களும் ஆராயத்தக்கன.

இயற்கைப் பொருளொன்றை உடலிலே தாங்கி அதனாற் கருத்தொன்றைப் புலப்படுத்தல் தமிழருக்குப் புதிய வழக்கன்று. சேரன் பனம்பூவையும், பாண்டியன் வேப்பம்பூவையும், சோழன் ஆத்திப்பூவையும் அடையாள மாலைகளாகச் சூடினர். போர்க்களத்திலே மலர் வெறும் அணியாக நில்லாது சொல்லாகவே நின்றது. ஆநிரை கவர்வோன் வெட்சி சூடினான். மீட்போன் கரந்தை சூடினான். மதிலை வளைத்தோன் உழிஞை சூடினான். மதிலினுள் நின்று காத்தோன் நொச்சி சூடினான். புறப்பொருள் வெண்பாமாலை நொச்சியைத் தனித் திணையாகவே வகுத்துள்ளது. ஆகவே, காத்தற்றொழிலை மேற்கொண்டவன் அதனைக் குறிக்கும் இயற்கைப்பொருளை உடலிற் சூடுதல் வேண்டுமென்பது நம் புறத்திணை மரபு எனலாம். சுற்றாடலைக் காப்போம் என நெஞ்சிலே மரமும் மீனும் எழுதி நிற்கும் இளைஞன், அறிந்தோ அறியாமலோ, நொச்சி மறவனின் வழித்தோன்றலாகின்றான். நொச்சி சூடியவனுக்கு மதிலிலே நிற்கும் கடமையும் இருந்தது என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

இனி, உருவகத்தை மதிப்பிடுதற்குரிய அளவுகோல் யாது? அது வெளிநாட்டிலிருந்து வரவேண்டியதில்லை. ஒப்புமை தோன்றும் நிலைக்களங்களை வினை, பயன், மெய், உரு எனத் தொல்காப்பியர் நான்காக வகுத்தார். மெய் என்பது வடிவையும், உரு என்பது வண்ணத்தையும் குறிக்குமென உரையாசிரியர் விளக்குவர். ஓவியத்திற் கண்ணுக்கு நேரே புலனாவன வடிவும் வண்ணமுமே. வினையும் பயனும் சிந்தனைக்குப் புலனாவன. எனவே, கண்ணாற் கண்டவுடன் ஒப்புமை தோன்றி, சிந்திக்குந்தோறும் அவ்வொப்புமை ஆழ்ந்து செல்லும் ஓவியமே சிறந்த உருவகமாகும். வடிவில் ஒத்து வினையில் மாறுபடும் ஓவியம் முதற்பார்வையில் மயக்கிப் பின்னர் பொய்த்துவிடும்.

மற்றோர் அளவுகோல் உள்ளுறையுவமம் பற்றியது. உள்ளுறை, தெய்வமொழிந்த ஏனைக் கருப்பொருள்களை நிலைக்களமாகக் கொண்டு பிறக்கும் என்பது தொல்காப்பியர் கருத்து. பாடுவோனும் கேட்போனும் நாளும் காணும் மரமும் பறவையும் நீர்நிலையுமே, வெளிப்படையாகச் சொல்லாத பொருளைச் சுமக்கும் வலிமையுடையன. அந்நிலத்திற்குப் புறம்பான பொருள் விளக்கவுரை வேண்டிநிற்கும். விளக்கவுரை வேண்டிநிற்கும் குறிப்பு, குறிப்பாகாது.

இவ்வளவுகோல்களைக்கொண்டு உலகப் புகழ்பெற்ற சில ஓவியங்களை நோக்கலாம். உலக வனவிலங்கு நிதியம் 1961 ஆம் ஆண்டு தோன்றியபோது பண்டாக் கரடியைச் சின்னமாகக் கொண்டது. அக்காலத்தில் இலண்டன் விலங்குச்சாலைக்கு வந்திருந்த ‘சீ-சீ’ என்னும் பண்டாவே அதற்குத் தூண்டுகோலாயிற்று. இறுதி வடிவைத் தந்தவர் பீற்றர் ஸ்கொட். கருமையும் வெண்மையுமே கொண்ட விலங்காதலின் அச்சுச் செலவு குறையும் என்பதும் அத்தெரிவுக்கு ஒரு காரணமாயிற்று. கலையிலே செட்டு ஒரு குணம் என்பதற்கு இது சான்று. ஆயினும் அச்சின்னம் உருவகமன்று. அருகிவரும் ஓர் உயிர், அருகிவரும் எல்லா உயிர்களுக்குமாக நிற்கின்றது. ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய பிறிதொன்றுக்கு ஆகிவரும் ஆகுபெயர் போன்றது அது. ஆகுபெயர் அன்பைத் தூண்டவல்லது, காரணத்தைக் காட்டவல்லதன்று. அவ்விலங்கு ஏன் அழிகின்றது, அழிப்பவர் யாவர் என்பவற்றை அப்படம் கூறாது, கூறவும் முற்படவில்லை.

1970 ஆம் ஆண்டில், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக மாணவராயிருந்த கரி அன்டர்சன் என்பார் போட்டியொன்றிற்காக மூன்று அம்புகள் ஒன்றையொன்று தொடரும் முக்கோணத்தை வரைந்து பரிசு பெற்றார். பயன்படுத்திய பொருளை மீளப் பயன்படுத்துக என்னும் கருத்துக்கு உலகெங்கும் வழங்கும் குறி அதுவேயாம். முடிவும் முதலுமில்லா வளையத்தைத் தழுவிய அவ்வடிவம் வினையாலும் மெய்யாலும் பொருந்திய நல்லுருவகம். முடிவு முதலாகும் அந்தாதித் தொடையை அது நினைவூட்டுகின்றது. ஆயின், 1988 ஆம் ஆண்டில் அமெரிக்க பிளாஸ்ரிக் உற்பத்தியாளர் அதே அம்புகளினுள் எண்களை இட்டு, பிசினின் வகையைக் காட்டும் குறியாக வழங்கலாயினர். மீள்சுழற்சிக்கு எளிதில் உட்படாத வகைகளும் அவ்வம்புகளைத் தாங்கின. காண்போர் அவையெல்லாம் மீளப் பயன்படுவன என மயங்கினர். 2013 ஆம் ஆண்டு அத்தரக்குறியின் அம்புகள் நீக்கப்பட்டு வெற்று முக்கோணமாக்கப்பட்டன. நல்ல உருவகமும் பொய்ச்சான்று கூற அழைக்கப்படலாம் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

அடுத்து, சட்டைகளிலே மிகுதியாகக் காணப்படும் ஓவியம் மரத்தை நுரையீரலாக எழுதுவதாகும். அடிமரம் மூச்சுக்குழலாகவும், கிளைகள் அதன் கிளைக்குழாய்களாகவும், இலைத்தொகுதி நுரையீரலின் இரு பிரிவுகளாகவும் அமையும். வடிவொப்புமை வியக்கத்தக்கது. ஆனால் வினையை நோக்கின் ஒப்புமை தலைகீழாகின்றது. நுரையீரல் ஒட்சிசனை உட்கொண்டு காபனீரொட்சைட்டை வெளிவிடுவது. பகலொளியில் மரம் காபனீரொட்சைட்டை உட்கொண்டு ஒட்சிசனை வெளிவிடுவது. பயனளவில் மட்டும், ‘மரமின்றேல் மூச்சில்லை’ என ஒருவாறு பொருந்தும். ஆகவே அவ்வோவியம் முற்றும் தள்ளத்தக்கதன்று. எனினும் பழகிப் பழகிப் பொருளிழந்த உவமைபோல, இன்று காண்போர் கண்ணிற் பட்டும் கருத்திற் படாது செல்கின்றது.

உருகும் பனிக்கட்டியின்மேல் தனித்து நிற்கும் துருவக்கரடியின் ஓவியமும் அத்தகையது. வடதுருவத்தை அடுத்து வாழ்வோருக்கு அது கருப்பொருள். வலிகாமத்துச் செம்மண்ணில் நின்று, நண்பகலில் அச்சட்டையை அணிந்து செல்லும் மாணவனுக்கு அது கேள்விப்பட்ட துன்பம். தொலைவிலுள்ளார் துன்பத்துக்கு இரங்குதல் நற்பண்பே. ஆயினும் இடருறுவது எங்கோ ஒரு பனிக்கடல் என்னும் எண்ணத்தை அப்படம் வளர்ப்பின், தன் வீட்டுக் கிணற்றை நோக்கும் கண்ணை அது மூடிவிடும்.

இவற்றோடு ஒப்பிடுகையில், றெடிங் பல்கலைக்கழகக் காலநிலை அறிஞர் எட் ஹோக்கின்ஸ் 2018 ஆம் ஆண்டில் வெளியிட்ட வெப்பக் கோடுகள் வேறொரு வகையின. ஆண்டொன்றுக்கு ஒரு கோடு. குளிர்ந்த ஆண்டுக்கு நீலம், வெம்மை மிக்க ஆண்டுக்குச் சிவப்பு. எழுத்தில்லை, எண்ணில்லை; இடப்புறத்து நீலம் வலப்புறம் செல்லச் செல்லச் செம்மையாய் முதிர்கின்றது. வெப்பநிலைகளை நிறங்களாக்கிப் போர்வையில் பின்னும் வழக்கத்தோடு உறவுடையதாதலின், அக்கோலம் கழுத்துப்பட்டிகளிலும் சட்டைகளிலும் ஏறியபோது தாய்வீடு திரும்பியதுபோல் அமைந்தது. துணிக்கு இயல்பான கோட்டையே பொருளாக்கியது அதன் சிறப்பு. ஒவ்வோர் ஊருக்கும் அவ்வவ்வூர் அளவைகளைக்கொண்டே வரையலாம் என்பது மற்றொரு சிறப்பு. ஆயின் அறிந்தாருக்கு அது வரலாறு. அறியாதாருக்கு அழகிய வரித்துணி. வண்ணம் ஒன்றையே பற்றி நிற்றலின், ஏனை மூன்று நிலைக்களங்களும் அங்கே வாளாவிருக்கின்றன.

இனி, சண்டிலிப்பாயிலுள்ள மாணவர் குழுவொன்று தன் நிலத்தின் இடரைச் சட்டையில் எழுத முற்படுமெனின், அது எதனைத் தெரிந்தெடுத்தல் தகும்? பலரும் முதலிற் பனையையே நினைப்பர். அது பொருத்தமற்றதன்று. அயலூரான நவாலியில் வாழ்ந்த சோமசுந்தரப் புலவர் பனையைப் பொருளாக்கித் தாலவிலாசம் பாடினார். 1978 ஆம் ஆண்டு பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. 1983 முதல் 2009 வரை நீண்ட போரிலே பெருந்தொகையான பனைகள் அழிந்தன. எனினும், பனை இன்று யாழ்ப்பாணத்தவன் என்னும் அடையாளத்தையே முதலிற் குறிக்கின்றது. கடல்கடந்து வாழும் மக்களும் ஊர்ப்பற்றைக் காட்டப் பனை எழுதிய சட்டைகளை அணிகின்றனர். சேரனுக்குப் பனம்பூ குடியடையாளமானது போன்றதே இதுவும். அடையாளமாகிவிட்ட பொருள், இடரைக் குறிக்கும் கூர்மையை இழக்கின்றது.

குடாநாட்டின் உண்மை இடர் நிலத்தின் மேலன்று, நிலத்தின் கீழே உள்ளது. நிலைத்தோடும் ஆறு யாழ்ப்பாணக் குடாநாட்டில் இல்லை. கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாகச் செல்லும் வழுக்கியாறும் மாரிமழைக்காலத்தில் ஓடி, அராலியிற் கடனீரேரியோடு கலந்து, கோடையில் வரண்டு கிடப்பதே. மக்கள் உயிர்வாழ்வது சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தேங்கும் மழைநீரால். அந்நன்னீர், தன்னினும் அடர்த்தி கூடிய கடல்நீரின்மேல் மிதக்கின்றது. அது நடுவிற் பருத்து ஓரங்களிற் குறுகிய வில்லை வடிவினதாதலின், நிலவியலார் அதனை ‘நன்னீர் வில்லை’ என்பர். கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நிற்குமாயின், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது கிபென், ஹேர்ஸ்பேர்க் என்போர் கண்ட விதி. குகைகளும் வெடிப்புகளும் மிக்க நிலத்தில் இவ்விதி அளவு பிசகாமற் பொருந்தாதெனினும், அதன் எச்சரிக்கை பொருந்தும்: மேலே சிறிது இறைப்பின் கீழே பெரிது இழப்பு. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்துநீர் உவராகவும் இருத்தல் இவ்வுண்மையைக் கண்கூடாகக் காட்டும்.

இவ்வில்லையை இறைப்பு இயந்திரம் மேலிருந்து மெலிவிக்கின்றது; கடல் கீழிருந்து உயர்கின்றது; தோட்டப் பசளையின் நைத்திரேற்று இடையே கலக்கின்றது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்னும் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவைத் தோட்டப்பகுதிக் கிணறுகள் பல தாண்டியுள்ளமையை ஆய்வுகள் காட்டியுள்ளன. இவற்றுக்கு மேலாக, அயலிலுள்ள சுன்னாகத்தில் மின்னிலையச் சூழலை அடுத்த கிணறுகளிற் கழிவெண்ணெய் கலந்தமை 2013, 2014 ஆம் ஆண்டுகளிற் பெருங்கவலையாக எழுந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019 ஏப்ரலில் பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு விதிக்கப்பட்டது. வாளியிட்டு அள்ளிய நீரை வாயில் வைக்க அஞ்சிய மக்களுக்குத் துருவக்கரடியின் துன்பம் எங்ஙனம் முதற்றுன்பமாகும்?

ஆகவே சண்டிலிப்பாயின் உருவகம் கிணறாதல் தகும். கிணற்றை எதனோடு ஒப்பிடுவது என்னும் வினாவுக்கு விடை மொழியிலேயே உள்ளது. நீர் சுரக்கும் துளையைத் தமிழ்மக்கள் ‘ஊற்றுக்கண்’ என்றே வழங்குவர். கிணறு வெட்டுவோனும் ‘கண் திறந்தது’ என்பான். மொழி முன்னரே செய்துவைத்த உருவகத்தை ஓவியன் கோடாக்கினாற் போதும்: நன்னீர் வில்லையின் வடிவே கண்ணின் வடிவு, அதன் நடுவே வட்டக் கிணறு கருமணி, கீழிமையின் ஓரத்திலிருந்து வழியும் ஒரு துளி, கண்ணீரும் உவர்நீரும் ஒருங்கே ஆகும்.

இவ்வுருவகத்தை நான்கு நிலைக்களங்களாலும் சோதிக்கலாம். மெய்யால், வட்டத்தைச் சூழ்ந்த வில்லை விழியை ஒக்கும். உருவால், வெண்சுண்ணக்கல் விழிவெண்மையையும் ஆழத்து நீரின் இருள் கருமணியையும் ஒக்கும். வினையால், துன்புற்ற கண் உவர்நீர் சொரிதல்போல, அளவிறந்து இறைக்கப்பட்ட கிணறு உவர்நீர் தரும். பயனால், உடலுக்குக் கண்போல ஊருக்குக் கிணறு. நான்கும் ஒருங்கே பொருந்தும் உருவகம் அரிதாகவே கிடைக்கும். அன்றியும் இது கருப்பொருளிற் பிறந்தது, விளக்கவுரை வேண்டாதது.

ஒரே கோடு இருபொருள் தருவதாகிய இவ்வுத்தி சண்டிலிப்பாய் மண்ணுக்கு அயலானதுமன்று. இவ்வூர்க் கல்வளைப் பிள்ளையார்மீது நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் பாடிய கல்வளை அந்தாதி, யமக அந்தாதி வகையைச் சார்ந்தது. ஒரே எழுத்துத்தொடர் அடிதோறும் மீண்டுவந்து வேறுவேறு பொருள் பயத்தல் யமகம். எழுத்தால் அங்கே நிகழ்வது கோட்டால் இங்கே நிகழ்கின்றது. யமகம் கற்றார்க்கே விளங்கும். கண்ணீர் எல்லார்க்கும் விளங்கும் என்பதே வேறுபாடு.

இவ்வோவியத்துக்கும் குறைகள் கூறலாம். கிணற்றின் வட்டம் மேலிருந்து நோக்கிய தோற்றம்; வில்லை வடிவு பக்கவாட்டு வெட்டுமுகம். இரண்டையும் ஒருங்கே எழுதுதல் அறிவியல் வரைபடத்துக்கு ஏலாது. அன்றியும் நன்னீர் வில்லையின் மேற்புறம் ஏறத்தாழத் தட்டையானது, கீழ்ப்புறமே ஆழ்ந்தது. முதற்குறைக்கு விடை, பல கோணங்களை ஒரு படத்தில் இணைத்தல் ஓவிய மரபுக்குப் புதிதன்று என்பதாம். இரண்டாங்குறை திருத்தத்தக்கது. மேலிமையைத் தட்டைக்கோடாகவும் கீழிமையை ஆழ்ந்த வளைவாகவும் எழுதினால், பாதி மூடிய சோர்ந்த கண்ணின் தோற்றம் பிறக்கும். உண்மைக்கு அணுகுந்தோறும் உணர்ச்சி மிகுதல் நல்லுருவகத்தின் அடையாளமாகும்.

ஆடை என்னும் ஊடகம் விதிக்கும் கட்டுப்பாடுகளும் உள. சட்டையில் எழுதிய ஓவியத்தை அணிந்தவன் காணான். எதிரே வருவோனே காண்பான். அவனும் பத்தடித் தொலைவிற் சில கணங்களே காண்பான். துணி மடியும், வியர்வையில் ஒட்டும், வெயிலில் வெளிறும். ஆதலின் மயிரிழைக் கோடுகளும் பல வண்ணங்களும் பயன்படா. திரையச்சிலே வண்ணமொன்றுக்கு ஒரு திரை வேண்டுமாதலின், வண்ணம் குறையச் செலவும் குறையும். நிறமூட்டாத வெண்பருத்தித் துணியையே விழிவெண்மையாக விட்டு, கருநீலம் ஒன்றாலேயே கண் முழுவதையும் எழுதிவிடலாம். வாசகம் சேர்ப்பதாயின், ‘ஊற்றுக்கண்’ என்னும் ஒரு சொல் அமையும். ‘நீரைச் சேமிப்போம்’ என்பது போன்ற ஏவல்களை எழுதின், ஓவியம் வாசகத்துக்கு ஏவலாளாகிவிடும்.

இறுதியாக எழுவது ஆடையின் வரலாறு பற்றிய வினா. ஏனையவற்றினும் கடியது இதுவே. நீர்ச்சுவட்டுக் கணக்கின்படி, பருத்திச் சட்டையொன்று உருவாக உலகச் சராசரியாக ஏறத்தாழ 2700 லீற்றர் நீர் செலவாகின்றது. தமிழகத்தின் பின்னலாடைத் தலைநகராகிய திருப்பூரின் வரலாறு இதற்கு உரைகல். வெள்ளியங்கிரி மலையிற் பிறந்து காவிரியைச் சேரும் நொய்யலாறு, சாய, சலவைப் பட்டறைகளின் கழிவைப் பல்லாண்டு சுமந்தது. வேளாண்மைக்கெனக் கட்டப்பட்டு 1992 இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, வயலுக்கு உதவாத உவர்க்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. பின்னர் கழிவை ஆற்றில் விடாது சுத்திகரித்து மீளப் பயன்படுத்தும் முறைகள் வற்புறுத்தப்பட்டன. அத்தொழிலால் வாழும் மக்கள் பல இலட்சத்தவர். அவர்களைப் பழிப்பது எளிது, நேர்மையன்று. ஆயினும் ஓர் ஊரின் கிணற்றைக் காக்க எழுந்த சட்டை மற்றோர் ஊரின் கிணற்றைக் கெடுத்துப் பிறந்திருப்பின், நெஞ்சிலே எழுதிய கண் யாருக்காக அழுகின்றது?

அச்சுமையும் இவ்வினாவுக்குத் தப்பாது. திரையச்சில் மிகுதியாகப் பயன்படும் ‘பிளாஸ்ரிசோல்’ மை, பீ.வீ.சீ. என்னும் பிளாஸ்ரிக்கை அடிப்படையாகக் கொண்டது. அம்மையால் மரத்தையும் மீனையும் எழுதுதல், நஞ்சைத் தொட்டு மருந்தின் பெயரை எழுதுவது போலாம். நீரை அடிப்படையாகக் கொண்ட மைகளும் உள. அவை சற்று மங்கும். மங்கினால் குறையில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல வெளிறும் ஊற்றுக்கண், தான் கூறும் பொருளுக்குத் தானே சான்றாகும். புதுச் சட்டை வாங்காது, பெட்டியிற் கிடக்கும் பழஞ்சட்டையிலேயே அச்சிட்டு அணிதல் இன்னும் நன்று. அப்போது ஓவியத்துக்கும் ஆடைக்குமிடையே முரண் நீங்கும்.

இதுகாறும் கூறியவற்றால், சுற்றாடற் கருத்தை ஆடையில் எழுதும் கலை விளையாட்டுக் கலையன்று என்பது பெறப்படும். உருவகம் நான்கு நிலைக்களங்களாலும் பொருந்தல் வேண்டும். நிலத்தின் கருப்பொருளிற் பிறத்தல் வேண்டும். ஏந்திநிற்கும் துணியோடு முரணாதிருத்தல் வேண்டும். இம்மூன்றும் நிறைந்த பின்னரும் ஒன்று எஞ்சும். நொச்சி சூடியவன் மதிலைவிட்டு நீங்கின், அம்மலர் அவனைக் காட்டிக்கொடுக்கும். ஊற்றுக்கண்ணை மார்பில் எழுதியவன், மாலையில் வீடு திரும்பி இறைப்பு இயந்திரத்தைத் தேவைக்கு மேல் ஓடவிடுவானாயின், அச்சட்டையே அவனுக்கு எதிர்ச்சான்று கூறும். மாரியிலே வழுக்கியாற்றில் ஓடி வீணே கடலைச் சேரும் நீரிற் சிறுபகுதியையேனும் குளத்திலும் நிலத்திலும் தேக்கத் துணைநிற்பானாயின், எழுதிய கண் மெய்க்கண்ணாகும். உருவகத்தின் இறுதி நிறைவு ஓவியன் கையில் இல்லை; அணிந்தவன் ஒழுக்கத்தில் உள்ளது.